காது சாமியின் மௌனத் தைலம்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மர அறுவை ஆலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொட்டகை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வந்து நிற்பவை சாதாரண வண்டிகளா? தரையோடு தரையாகப் படுத்திருக்கும், உட்காருவதற்கே ஒரு உடற்பயிற்சி செய்ய வேண்டிய பந்தயக் கார்கள். ஓட்டி வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருதய டாக்டர் ஒருவர். பாலம் கட்டும் இன்ஜினியர் ஒருவர். மனித மூளையை மிஞ்சும் கம்ப்யூட்டர் மூளையைத் தயாரித்துக்கொண்டிருப்பவர் ஒருவர். மிஞ்சுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று அவர் வரிசையில் கைகட்டி நின்ற நிலையைப் பார்த்தாலே தெரிந்தது.

எல்லோரும் காது சாமியைப் பார்க்க வந்தவர்கள்.

காது சாமிக்கும் நம் எல்லோரையும்போல இரண்டு காதுதான். ஆனால் அந்த வலது காது இருக்கிறதே, அது இரும்புக்குள் அழுகிற ஆத்மாவின் குரலைக் கேட்குமாம். அவர் காவி கட்டவில்லை, தாடி வளர்க்கவில்லை. மெக்கானிக் போடும் முழு உடுப்பு, அதுவும் வெள்ளை வெளேரென்று. பகல் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தாலும் அதில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டாது. அதுவே முதல் அற்புதம் என்றார்கள். வண்டிக்கு அடியில் நிஜமாக வேலை செய்தால்தானே எண்ணெய் ஒட்டும் என்று கேட்க அங்கே நாதியில்லை.

இந்தக் கதைக்கு ஒரே ஒரு உறுப்பின் பெயர் தெரிந்தால் போதும். காரின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் குண்டு தொங்கும். உள்ளே பல் சக்கரங்கள். வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் மெல்லச் சுற்றவும் மற்றது வேகமாகச் சுற்றவும் வழிவிடுவது அதுதான். பெயர் டிஃபரென்ஷியல். கார் கிளப்காரர்கள் செல்லமாக 'டிஃப்' என்பார்கள். வேகத்துக்காகச் செய்த கார்களில் அந்த டிஃப் கொஞ்சம் சிணுங்கும். ஊற்றிய ஆயில் சரியில்லை என்றால் வளைவுகளில் கடகடக்கும். உள்ளே அந்தச் சக்கரங்களைத் தாங்கும் பேரிங் தேய்ந்தால் நேர் சாலையிலும் ஊளையிடும்.

இந்தக் கிளப்காரர்களின் நியாயமே தனி. புகைக் குழாய் இன்னும் பலமாக உறும வேண்டும் என்று ஒரு செலவு. அதற்கு ஒரு முழம் தள்ளியிருக்கும் டிஃப் முனகவே கூடாது என்று இன்னொரு செலவு. முதல் செலவுக்குக் கடைகள் இருந்தன. இரண்டாவதற்குக் காது சாமி முளைத்தார்.

நம் ஆடிட்டர் அவரிடம் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

ஆடிட்டர் என்றால் லேசான ஆடிட்டர் இல்லை. ஆபீஸில் யாராவது டீ குடித்த கணக்கு எழுதினால் ரசீது கேட்பார். ரசீது கொடுத்தால் அது அசல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சிவப்புக் காரின் டிஃப் ஊளையிட ஆரம்பித்ததும், எந்த ரசீதும் கேட்காமல் கொட்டகை வரிசையில் போய் நின்றார். ஊரார் கணக்குக்கு ஒரு மூளை, சொந்தக் கணக்குக்கு வேறு மூளை. இரண்டாவது அதிகம் பயன்படாததால் புத்தம் புதிதாக இருந்தது.

காரைச் சாய்வு மேடையில் ஏற்றினார்கள். காது சாமி பாய் விரித்து அடியில் படுத்தார். அவருடைய சீடன், 'கரண்டி' என்று பெயர், பின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சாமி வலது காதை டிஃபில் வைத்தார். கண்ணை மூடினார். உதடு துடித்தது.

"அழறார்" என்றார்.

"யாரு சாமி?"

"பெரியவர் ஒருத்தர். இந்த வண்டி வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டவர். நீ கேக்கல. இப்ப அவர் இல்ல. சரியா?"

ஆடிட்டருக்குக் குபுக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருடைய அப்பா இந்தக் காரை வாங்காதே என்று சண்டை போட்டவர்தான். கார் வந்த வருஷமே கண்ணை மூடியவர்தான். 'என்னடா வண்டி, எமன் வாகனம்' என்று அவர் சொன்னது மகனின் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. இதைச் சாமியிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வேகமான கார் வாங்கு மகனே என்று உச்சிமோந்து வாழ்த்திய அப்பன் உலகத்தில் எவனாவது உண்டா? இப்படிப்பட்ட காரை வாங்கும் வசதி வருகிற வயதில் அப்பா போய்ச் சேர்ந்திருப்பதும் ஊரில் நடக்கிறதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஆடிட்டருக்கு இதெல்லாம் தோன்றவில்லை. மனிதர் விம்மி அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்தது மற்றதெல்லாம்தான்.

"சத்தம் போட்டு அழறவரைத் தாலாட்டித் தூங்க வைக்கணும். கரண்டி, தைலத்தைக் கொண்டு வா."

மௌனத் தைலம் வந்தது. கியர் ஆயில் என்றால் அழுகிய முட்டை மாதிரி நாறும். இது சந்தனமாக மணத்தது. மந்திரத்தால் நாற்றமே மணமாகிவிட்டது என்று வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, கூழாக இருந்த தைலத்தைக் கரண்டி அள்ளி அள்ளி ஊற்றினான். டிஃபின் வாயை மூடும் போல்ட்டை முடுக்கி, அதன்மேல் சிவப்பு அரக்கை உருக்கிவிட்டு, சாமி தன் முத்திரையைப் பதித்தார். முத்திரையில் ஒரு காது.

பிறகு கட்டளைகள். காதில் கேட்ட ஆத்மா யார் என்று வெளியே சொல்லக் கூடாது. போல்ட்டை ஒருபோதும் திறக்கக் கூடாது. திறந்தால் தூங்குகிறவர் விழித்து, ஓட்டுகிறவன் மேல் ஏறிவிடுவார். அப்புறம் காணிக்கை. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம், ஆடிட்டரே அதற்கு ரசீது கேட்கவில்லை.

திரும்பி வரும்போது டிஃப் வாயே திறக்கவில்லை. ஊளை இல்லை, முனகல் இல்லை. ஆடிட்டர் வழி முழுக்க, "தூங்குங்கப்பா, தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர். அவரிடம் போய், திறக்கக் கூடாது என்று ஒரு விஷயத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்?

"சத்தம் நின்னுடுச்சு சரி. ஏன் வந்துச்சு, ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சாமி உத்தரவு."

"என்ன ஆயில் ஊத்தினாரு? வண்டியோட வந்த புக்கில இன்ன ஆயில்னு போட்டிருக்குமே?"

ஆடிட்டருக்குக் கோபம் வந்தது. வண்டியோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக இருந்தது. "எல்லாத்துக்கும் புக்கு புக்குன்னா நம்பிக்கைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"என்னங்க, என்கிட்ட ஒருத்தர் வருவாரு. பல்லு வலிச்சுதாம், கிராம்புத் தைலத்தைத் தடவினாராம், வலி பறந்துடுச்சாம். குடும்பமே கைதட்டிச்சாம். அப்புறம் ஒருநாள் தாடை பந்து மாதிரி வீங்கி, ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வருவாங்க. வலி நின்னுதுன்னா பல்லு சரியாச்சுன்னு அர்த்தமில்லைங்க. மரத்துப் போச்சுன்னுதான் அர்த்தம். ஒரே ஒரு தடவை அந்த போல்ட்டைத் திறந்து பாத்துடலாம்."

"திறக்கறதா! என் பொணத்து மேல ஏறிப் போய்த் திற!"

இது சாதாரணப் புருஷன் பெண்டாட்டிச் சண்டையாக இருந்தால் நாமும் விலகிப் போய்விடலாம். ஆனால் கிளப்பின் மலை ஓட்டம் வரப்போகிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே பாம்புபோல வளையும் சாலை. இந்த முறை சிவப்புக் காரை ஓட்டப்போவது ஆடிட்டர் இல்லை, அவருடைய மகள். லைசென்ஸ் வாங்கி அதன் மை காயவில்லை. டிஃப் நடுவழியில் இறுகினால் பின் சக்கரம் இரண்டும் ஒரேயடியாக நிற்கும். வண்டி எந்தப் பக்கம் போகும் என்று பள்ளத்துக்குத்தான் தெரியும்.

"பாப்பா ஓட்டப்போற வண்டிங்க அது."

"அதான் சொல்றேன். தாத்தாவே உள்ள இருக்கார். பேத்தியை விட்டுடுவாரா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் ஆடிட்டர். ரகசியம் வெளியே வந்துவிட்டது.

பல் டாக்டர், "சரிங்க. உங்க இஷ்டம்" என்றார்.

கல்யாணமான நாள் முதல் அந்த வார்த்தையை அவர் இவ்வளவு சாந்தமாகச் சொன்னதில்லை. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் உஷாராகியிருப்பான். ஆடிட்டரோ, மௌனத் தைலம் மனைவிக்கும் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு, மறுநாள் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் கணக்குப் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அரக்கு அப்படியே இருந்தது. காது அப்படியே இருந்தது. வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தமே இல்லை. அதுமட்டுமா, வளைவுகளில் முன்னைவிட வழுக்கிக்கொண்டு திரும்பியது. நாளாக ஆக அருள் கூடுகிறது பார், என்று மனைவியிடம் பெருமை அடித்தார். மனைவி, "ஆமாங்க, கூடித்தான் இருக்கு" என்றார்.

மலை ஓட்டத்தன்று காலை எல்லா வண்டிகளும் கொட்டகை முன் வரிசை கட்டின. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று சாமி பார்த்து, காது வைத்து, அனுப்பி வைப்பது கிளப்பின் வழக்கம். ஆடிட்டர், மனைவி, மகள் மூவரும் வந்திருந்தார்கள். சிவப்புக் கார் மேடை ஏறியது. சாமி படுத்தார். முத்திரையைத் தடவினார். காதை வைத்தார்.

"ஆஹா! தூங்கறார்! பச்சைக் குழந்தையாட்டம் தூங்கறார்! என் தைலம் ஒரு சொட்டு குறையல. முத்திரை அசையல. பிள்ளைன்னா நீ பிள்ளைடா!"

ஆடிட்டர் கைக்குட்டையை எடுத்தார். பல் டாக்டர் முன்னால் வந்தார்.

"சாமி, நல்லா கேட்டீங்களா? வேணும்னா இன்னொரு தடவை கேளுங்க. அவசரமில்ல."

"இந்தக் காது ஒரு தடவை கேட்டா கேட்டதுதான் தாயே."

"உள்ள இருக்கறது உங்க மௌனத் தைலம்தானே?"

"வேற யாரோட தைலம்? மணமே சொல்லுதே!"

பல் டாக்டர் தன் பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். மேலே கறுப்பு எண்ணெய். கீழே சாணி மாதிரி படிந்த ஒரு கசண்டு. மூடியைத் திறந்ததும் கொட்டகை முழுக்கச் சந்தனம் மணத்தது.

"அப்போ இது யாரோடது சாமி? உங்க தைலம் ஒரு சொட்டு விடாம இந்த ஜாடியிலதான் இருக்கு. இவர் வெளியூர் போனப்போ நான்தான் இறக்கினேன். ஒர்க்‌ஷாப்காரர் அரக்கைப் பாத்ததும் ரெண்டு எட்டு பின்னால போயிட்டாரு. நானே ஸ்பேனரைப் புடிச்சுத் திறந்தேன். இப்ப வண்டியில இருக்கறது புக்கில போட்டிருக்கற ஆயில். கடகடக்காம இருக்க அதோட சேக்கச் சொன்ன சின்ன பாட்டில் மருந்தும் சேத்திருக்கு. எந்தக் கடையிலயும் கிடைக்கும். மந்திரம் கிடையாது."

"ஆனா முத்திரை?" என்றது கூட்டம்.

"நான் வச்சது. பல் செட்டு செய்யற சிவப்பு மெழுகு. நாள் முழுக்க ஊர்ல இருக்கறவங்க பல்லை அச்செடுக்கறேன். ஒரே ஒரு காதை அச்செடுக்க எவ்வளவு நேரமாகும்?"

ஆடிட்டர் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "திறந்துட்டியா? அப்பா...?"

"அன்னையிலேருந்து வண்டியை நீங்கதாங்க ஓட்டறீங்க. யாராவது உங்க மேல ஏறினாங்களா?"

ஆடிட்டர் தன் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

பல் டாக்டர் ஜாடியில் இருந்ததை ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டினார். எண்ணெய் இறங்கியது. துணியில் மரத்தூள் தங்கியது. பக்கத்து ஆலையில் இலவசமாக அள்ளிக்கொள்ளும் அதே தூள், அத்தர் தெளித்தது. உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

"மினுங்குதே, இது நாங்க அன்னைக்கே மாத்தின பழைய பேரிங். உடைஞ்சு உதிர்ந்துக்கிட்டிருந்துச்சு. 'நான் சாகறேன், வந்து பாருங்க'ன்னு கத்தினது இதுதான். இவர் அதோட வாயில மரத்தூளைத் திணிச்சாரு. அதுக்கப்புறம் கத்தல. ஆயில் போய்ச் சேராம சூடேறி, இன்னைக்கு மலையில இறுகியிருக்கும். என் பொண்ணு ஓட்டறப்போ." அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் சட்டென்று வாயை மூடினான்.

காது சாமி சளைக்கவில்லை. சளைத்தால் அந்தத் தொழிலுக்கே அவர் லாயக்கில்லை. எழுந்து உட்கார்ந்து ஒரு ஞானப் புன்னகை பூத்தார். "பைத்தியக்காரக் குழந்தைகளே! தைலத்தை எடுத்துட்டா அருள் போயிடுமா? இரும்புக்குள்ள ஊறியிருக்கே, அதைத்தான் என் காது கேட்டுச்சு!"

கூட்டத்தில் பாதி 'அதானே' என்று தலையாட்டியது. ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ரொம்ப சரி சாமி" என்றார் பல் டாக்டர். "இவ்வளவு அருளை வடிகட்டிக் குப்பையில போட எனக்கு மனசு வரல. அதோ உங்க வண்டி நிக்குதே, எங்க எல்லார் வண்டியையும்விடப் பெரிசா. இந்தத் தைலத்தையெல்லாம் அதுல ஊத்திடறேன். ஆசீர்வாதம்." துணியில் இருந்த தூளை மறுபடி எண்ணெயில் கவிழ்த்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சாமியின் பளபளக்கும் காரை நோக்கி நடந்தார்.

சாமியின் புன்னகை சுருங்கியது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் கரண்டி குறுக்கே பாய்ந்தான்.

"ஐயோ டாக்டரம்மா, வேணாம்! அந்தக் கர்மத்தை ஊத்தினா டிஃப் போயிடும்! சாமி வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர நாங்க எதையும் தொடறதில்ல!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்குப் புரிந்தது. கொட்டகை முழுக்க நிசப்தம். மௌனத் தைலம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒழுங்காக வேலை செய்தது.

அந்த நேரத்தில் மகள் வாயைத் திறந்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். எங்க அப்பாகிட்ட, உள்ள அழறது தாத்தான்னு சொன்னாராம். இங்க வேற யாருக்காவது அப்பா அழுதாரா?"

இருதய டாக்டர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். பாலம் கட்டுகிறவர் தூக்கினார். பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர். மூளை செய்பவர் இரண்டு கையையும் தூக்கினார். அவரிடம் இரண்டு கார்கள். ஊரில் உள்ள செத்துப்போன அப்பாக்கள் எல்லோரையும் ஒருத்தன் டிஃபுக்குள் அடைத்து வைத்து வியாபாரம் செய்திருக்கிறான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். காது சாமி தன் காரில் ஏறிப் பறந்தார். அந்த வண்டியின் டிஃப் துளிக்கூடச் சத்தம் போடவில்லை. சரியான ஆயில் அல்லவா! கரண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவன் அழுதுகொண்டே ஆளுக்கொரு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். வரிசையாக அரக்குகள் உடைந்தன, போல்ட்டுகள் திறந்தன, மரத்தூள் கூழ் கூழாக இறங்கியது. அன்றைய மலை ஓட்டம் நின்றது. புது பேரிங்கோடு இருந்தது சிவப்புக் கார் ஒன்றுதான்.

ஆடிட்டர் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாப்பாவைக் கொல்லப் பாத்தேனேம்மா" என்றார் ஆடிட்டர். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"மாமா உயிரோட இருந்திருந்தா, அந்த அரக்கை முதல்ல அவர்தாங்க பேத்துப் போட்டிருப்பாரு. உங்களுக்கும் ரெண்டு வச்சிருப்பாரு."

ஆடிட்டர் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். அவர் அப்பா அப்படித்தான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். கூட்டம் முடிய விடவில்லை. இருதய டாக்டர் கூப்பிய கையோடு வந்து நின்றார். அவர் பின்னால் பழைய வரிசை, அதே ஒழுங்கோடு. "டாக்டரம்மா, நீங்க எங்க கண்ணைத் திறந்த தெய்வம். என் வண்டிக்கு நீங்களே ஒரு தடவை காதை வச்சுப் பாத்து, நல்ல வார்த்தை சொல்லிடுங்க. அந்த மெழுகு மிச்சம் இருந்தா உங்க கையால ஒரு முத்திரையும்..."

பல் டாக்டர் எழுந்தார். கையிலிருந்த ஸ்பேனரை அவர் கையில் வைத்து அழுத்தினார்.

"வண்டிக்கு அடியில இருந்த போல்ட்டை ஒருவழியா திறந்துட்டீங்க, சந்தோஷம். கழுத்துக்கு மேல ஒண்ணு பூட்டியே கிடக்குதே சார், அதுக்கு எவன் வச்ச அரக்கு?"